டி போர்டு மாப்பிள்ளை

ஷண்முகப்ரியாவைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்றாவது ஆள், கேசரியைத் தொடுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தான். சும்மா வைக்கவில்லை. சாவியில் இருந்த கம்பெனி முத்திரை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி திருப்பி வைத்தான். பிறகு அரைமணி நேரம் அந்தச் சாவியைப் பற்றியே பேசினான். கூரையில் கண்ணாடி திறக்குமாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனால் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டான்.

"தலை வெந்துரும்," என்றாள் ப்ரியா. அது மே மாதம்.

அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அவளுடைய அப்பா இசக்கிமுத்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பையன் போனதில் அவருக்கு வருத்தமில்லை. கார் போனதில்தான் வருத்தம்.

இசக்கிமுத்துவுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இட்லிக் கொப்பரையும் குத்துவிளக்குமாக விற்று, உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு கட்டியவர். தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். அவரிடமும் ஒரு கார் இருந்தது. வெள்ளை நிறம், பெரியது. அதுவும் சாவியைத் திருப்பி வைக்கத் தகுந்த கார்தான். ஆனால் வாரத்தில் ஆறு நாள் அது வீட்டுக்குக் கீழே சாம்பல் நிற உறைக்குள் கிடக்கும். கடைக்கு அவர் நடந்து போவார். மயிலாப்பூர் கோயிலுக்குக் குடும்பமே ஆட்டோவில் போகும், அங்கே காரை நிறுத்த இடமில்லை என்பதால். பாண்டிபஜாருக்கும் ஆட்டோதான், அதே காரணம். கல்யாணங்களுக்கு மட்டும் கார் வெளியே வரும். மண்டப வாசலில் அது நிற்பதை நாலு பேர் பார்த்த பிறகு திரும்பி வந்து உறைக்குள் போய்விடும். இதற்குப் பெயர் கார் வைத்திருப்பது என்றால், வைத்திருப்பவர்களை என்ன சொல்வது என்று ப்ரியாவுக்குத் தோன்றும். நந்தனத்தில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவள் வயதுக்காரர்கள் யாரும் கார் வாங்கவில்லை. போனை எடுத்தால் கார் வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது. உறை எதற்கு?

அண்ணாச்சியின் காரை ஓட்டுவதும், மற்ற நாட்களில் கடையின் சின்ன லோடு வண்டியை ஓட்டுவதும் அப்துல் வஹீத். மீர்சாகிப்பேட்டைக்காரர். ப்ரியா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இருக்கிறார். அண்ணாச்சி அவரை பாய் என்பார். அவருக்கு ப்ரியா இன்னும் பாப்பாதான்.

அண்ணாச்சிக்குக் கார் பைத்தியம் உண்டு, சாதிப் பேச்சு உண்டு, கஞ்சத்தனமும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரு வழக்கமும் அவரிடம் உண்டு. சாப்பிட உட்கார்ந்த ஆளை யாரும் எழுப்பக்கூடாது. கடையாக இருந்தாலும் சரி, வீடாக இருந்தாலும் சரி. ஒருமுறை பேங்க் மேனேஜர் கடைக்கு வந்து பில் போடுகிற பையனைக் கேட்டபோது, அவன் மேலே ரசத்துக்கு வந்திருந்தான். மோர் ஊற்றிச் சாப்பிட்டுக் கைகழுவி வரும்வரை மேனேஜர் ஒரு அண்டாவுக்கும் ஒரு தவலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஏன் இந்த வழக்கம் என்று அண்ணாச்சி யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நாலாவதாக வந்த வரன் முத்துகிருஷ்ணன். பூர்வீகம் அதே தூத்துக்குடி, வீடு அடையாறு காந்தி நகர், மென்பொருள் கம்பெனியில் பெரிய வேலை. தன் பெயரை கிருஷ் என்று சொல்லிக்கொண்டான். வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிடுவதற்கு முன்னால் வெளியில் ஒருமுறை சந்திக்கலாம் என்றான். அடையாறில் ஒரு காபிக் கடையில் சந்தித்தார்கள். அவன் உட்கார்ந்ததும் ப்ரியா முதலில் பார்த்தது மேஜையை. சாவி இல்லை.

"கார் இல்லையா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? ஒரு நாள்ல முக்கால்வாசி நேரம் சும்மா நிக்கிற பொருளுக்கு நான் ஏன் வேலைக்காரனா இருக்கணும்? கழுவணும், துடைக்கணும், எலி வயரைக் கடிச்சுதான்னு பாக்கணும். சொந்தக் கார்ங்கிறது எங்க அப்பா தலைமுறையோட வியாதி."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ப்ரியா மனசைக் கொடுத்தாள். உறைக்குள் கிடக்கும் வெள்ளைக் கார் அவள் கண் முன்னால் வந்து போனது. இத்தனை நாள் அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு ஆண்பிள்ளை, அதுவும் அப்பாவுக்குத் தெரிந்த வகையில் வந்த ஆண்பிள்ளை, வாய்விட்டுச் சொன்னான். அவன் பேசும்போது நெற்றியில் விழுந்த முடியும் நன்றாகத்தான் இருந்தது.

அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்த அன்று வீட்டில் சாப்பாடு சரியாக நடக்கவில்லை.

"ஏட்டி, இவ்வளவு சம்பளம் வாங்குதான், ஒரு காரு இல்லியா?"

"வேண்டாம்னு வாங்கலப்பா. ஆப்ல புக் பண்ணிப் போறார்."

"டி போர்டுலயா?"

மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய வாடகைக் காருக்கு டி போர்டு என்று பெயர். அண்ணாச்சி அதைச் சொன்ன விதத்தில், அது ஒரு கெட்ட வியாதிக்கும் பெயராக இருக்கும் போலிருந்தது.

"டி போர்டுல வந்து டி போர்டுல போறவனுக்கு நான் பொண்ணு குடுக்கணுமா? நாளைக்கு உன்னையும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்க புக் பண்ணுவான்."

"என்ன பேச்சு பேசுதிய," என்றாள் அம்மா மீனாட்சி.

"உள்ளதத்தான் சொல்லுதேன். மண்டப வாசல்ல அவங்க வீட்டு வண்டி எங்கன்னு எங்க அக்கா கேப்பா. என்ன சொல்ல? இப்பதான் கேன்சல் ஆயிட்டுன்னு சொல்லவா?"

ப்ரியா விடவில்லை. அப்பாவின் காரை, அதன் உறையை, மயிலாப்பூருக்கு ஆட்டோவில் போகும் கூத்தை எல்லாம் எடுத்துப் போட்டுச் சண்டை பிடித்தாள். அண்ணாச்சி ஒரு தந்திரம் செய்தார். கல்யாணத்துக்குச் சீராக ஒரு கார் வாங்கித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று கிருஷ் பதில் அனுப்பினான். அந்தப் பதிலைக் கேட்டு ப்ரியா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். அண்ணாச்சிக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. "வேண்டாமாம். யாருக்கு இருக்கு இந்தத் திமிரு," என்று கடையில் பித்தளைக் குடங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் மகள் பிடிவாதத்துக்கு முன்னால் அவர் இறங்கி வந்தார். பேசி முடிக்கலாம் என்றார். அதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அந்த ஐந்து மாதமும் ப்ரியாவும் கிருஷும் மாலைகளில் சந்தித்தார்கள். சந்திக்கும்போதெல்லாம் அவன் சொல்வது ஒன்றுதான்.

"உன் ஆப்ல போடேன்."

அவன் போனில் புக் செய்தால் வண்டி கிடைப்பதில்லை. சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு ஓய்ந்துவிடும். கம்பெனியின் கோளாறு என்றான். அவள் போனில் உடனே கிடைத்தது. தன் போனிலிருந்து அவனுக்காக வண்டி பிடிப்பது அவளுக்கு முதலில் ஒரு மனைவித்தனமாகக்கூட இருந்தது. வண்டி வந்து நின்று டிரைவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகு அவன் மாடியிலிருந்து இறங்குவான். ஏறியதும் ஏசியைக் கூட்டச் சொல்வான். இறங்கியதும் அவள் கையிலிருந்து போனை வாங்கி, டிரைவருக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுப்பான்.

"பாவம், நல்லாத்தானே ஓட்டினார்?"

"பாட்டு போட்டிருந்தான். ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு வேணும் ப்ரியா. நாம விட்டுக் குடுத்தா யாரும் திருந்த மாட்டாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனார்கள். மீன் வாங்க வந்த கூட்டம் சாலையை அடைத்து நின்றது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"உள்ள வண்டி போவாது சார். சண்டேல? இங்கயே எறங்கிக்குங்க, ரெண்டு எட்டு வெச்சா பீச்சு."

கிருஷ் போனில் இருந்த வரைபடத்தைக் காட்டினான். "இடம் எங்க காட்டுது பாருங்க. அங்க விடுங்க."

"காட்டும் சார், அதுக்கின்னா. முன்னாடி மீன் கூடை கீது பாருங்க. ஏத்திக்கினு போவ சொல்றீங்களா?"

"காசு குடுக்கிறது அந்த இடம் வரைக்கும்."

ப்ரியா கதவைத் திறக்கப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். கால் மணி நேரம் ஹாரன் அடித்து, மீன் விற்கிற பெண்களிடம் வசவு வாங்கி, ஒரு கூடையை நகர்த்தச் சொல்லி, வண்டி நடந்து போகிற வேகத்தில் போய்ச் சேர்ந்தது. கூடையை நகர்த்திய பெண் ஜன்னலுக்குள் குனிந்து பார்த்து, "காலு ஊனமா நைனா?" என்று கேட்டாள். கிருஷ் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அன்றைக்கும் ஒரு நட்சத்திரம்தான்.

கொள்கைக்காரன் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பான் என்று ப்ரியா அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். காதலிக்கிற பெண்கள் இந்த வேலையில் கெட்டிக்காரிகள். அப்பாவின் முன்னால் அவ்வளவு வாதாடி ஜெயித்துவிட்டு, ஜெயித்த பொருளைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்கு முன்னால் வெற்றிலைத் தட்டு மாற்றிவிட வேண்டும். மாடியில் ஜமுக்காளம் விரித்தாயிற்று. மாம்பழம், ஆப்பிள், பூ, தேங்காய் எல்லாம் புது எவர்சில்வர் தட்டுகளில் தயார். பட்டுச் சேலையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ப்ரியா நின்றபோது போன் அடித்தது. மணி பதினொன்று.

"ப்ரியா, அரைமணி நேரமா தேடுறேன். ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான். உன் ஆப்ல போடு."

அவள் போட்டாள். சுற்றிச் சுற்றித் தேடியது. ஒருவர் ஏற்றுக்கொண்டார், உடனே விட்டுவிட்டார். இன்னொருவர் ஏற்றுக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"காந்தி நகரா? நாலாவது மாடி சாரா?"

"ஆமாங்க. கொஞ்சம் அவசரம்."

"அட போம்மா. போன வாரமும் உன் பேருதான் வந்துச்சு. கீழ நிக்க வெச்சே உயிர எடுத்துட்டு, நான் லேட்டுன்னு கம்ப்ளெய்ண்ட் வேற. உன்னோட ஸ்டாரும் எறங்கிக்கினே போவுது, பாத்தியா? நம்மளால ஆவாது. வேற ஆளப் பாத்துக்கோ."

வைத்துவிட்டார். டிரைவர்களும் பயணிகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள் என்பது ப்ரியாவுக்குத் தெரியும். ஆனால் தன் எண்ணிக்கையை அவள் பார்த்தே பல நாளாயிற்று. இப்போது பார்த்தாள். காலேஜ் நாளிலிருந்து ஐந்தை ஒட்டி நின்ற எண் மூன்றுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவனுடையது எங்கே இருக்கும் என்று அவள் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. கம்பெனியின் கோளாறு என்று அவன் சொன்னான், அவளும் நம்பினாள். எம்.காம். படித்த முட்டாள்.

"என்னட்டி, வண்டி இல்லியாமா?"

வாசலில் அண்ணாச்சி நின்றார். அவர் முகத்தில் எழுந்த ஒளியைப் பார்த்தால், மகளுக்கு அன்றே குழந்தை பிறந்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள்.

"டி போர்டு ஒண்ணும் வரலியாக்கும்," என்றார் இன்னொரு தரம், ருசித்து. பிறகு மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே குனிந்தார். "பாய், உறையக் கழத்துங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு நம்ம வண்டி போகுது."

வெள்ளைக் கார் அடையாறு போய்த் திரும்பும்போது மணி பன்னிரண்டு இருபது. ஞாயிற்றுக்கிழமை தி.நகர் அதைவிடச் சீக்கிரம் யாருக்கும் வழிவிடாது. எமகண்டம் பிறந்துவிட்டது. இனி ஒன்றரைக்கு மேல்தான் தட்டு, அதற்குள் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கிருஷின் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் இறங்கினார்கள். கடைசியாக கிருஷ் இறங்கினான்.

"சூப்பர் வண்டி மாமா," என்றான். ஐந்து மாதமாக அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "உள்ள உக்காந்தா வெளிய தி.நகர் இருக்கிறதே தெரியல."

அண்ணாச்சி விழுந்துவிட்டார். ப்ரியா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய ஐந்து மாத வாதம் அசைக்காத மனுஷனை ஒரு வாக்கியம் சாய்த்துவிட்டது. அவனுடைய தோளில் கைபோட்டு, படியேறும்போதே சன்னல் கண்ணாடியின் கனத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். உட்கார வைத்து, விசிறியை அவன் பக்கம் திருப்பி, கொஞ்சம் தயங்கி, பழைய பேச்சை எடுத்தார்.

"பொண்ணுக்கு ஒரு வண்டி குடுக்கணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க."

ப்ரியா மோர் டம்ளர்களோடு கதவருகில் வந்திருந்தாள். அவன் சொல்லப்போவதைக் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது. காலையிலிருந்து சரிந்துகொண்டிருந்த ஒன்றை அந்தப் பதில் நிமிர்த்திவிடும்.

"வண்டியை யார் வேண்டாம்னா மாமா? ஓட்டுறது, நிறுத்த இடம் தேடுறது, சர்வீஸ் விடுறது, அந்தத் தலைவலிதான் வேண்டாம்னேன். ஆளோட வந்தா யாருக்குக் கசக்கும்? பேசாம உங்க டிரைவரையே குடுத்துடுங்க. இவர் கேன்சல் பண்ண மாட்டார்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சத்தமாகச் சிரித்தார். வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்த வஹீதும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். ப்ரியா டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுக்களையில் நின்று யோசித்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது. அந்தச் சாவி வைத்தவனாவது காரைத் தானே கழுவியிருப்பான். இவனுக்கு வேண்டியதெல்லாம் பின் சீட்டு. அது மஞ்சள் பலகையா வெள்ளைப் பலகையா என்பது இவனுக்கு ஒன்றுதான். தலைமுறை வியாதி என்று காபிக் கடையில் சொன்னானே, அந்த வாக்கியத்தை நம்பித்தானே அப்பாவை அத்தனை பேச்சுப் பேசினோம் என்று நினைத்தபோது காது சுட்டது.

"என்னட்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அப்பளம் கருகுது பாரு."

தட்டு மாற்ற இன்னும் நேரமிருந்தது. மாற்றிவிட்டால் முடிந்தது. அவள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள். இப்போது எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? அதுவும் அப்பா மாப்பிள்ளைக்கு வடை வைத்துக்கொண்டிருக்கும்போது.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்தார்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில் கடை ஆட்களுக்கு இலை போட்டார்கள். அவர்களோடு வஹீதும் உட்கார்ந்தார். சாம்பார் சாதம் பிசைந்து இரண்டு வாய் வைத்திருப்பார். கிருஷ் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தான். பின்னால் அண்ணாச்சி பல் குத்திக்கொண்டு வந்தார். பாயசத் தூக்கோடு ப்ரியாவும் அப்போதுதான் கீழே இறங்கியிருந்தாள்.

"மாமா, என் ஃப்ரெண்டு ஒருத்தன் வர்றான். போட்டோ நல்லா எடுப்பான். நந்தனம் மெட்ரோ வாசல்ல நிக்கிறான், அவனுக்கும் வண்டி கிடைக்கலையாம். இவரை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தட்டு மாத்துறதுக்குள்ள வந்துருவாங்க."

அண்ணாச்சி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "மாப்ளே, அவரு சாப்பிடுதாரு."

"தெரியுது மாமா. வந்து சாப்பிடட்டுமே. இலை எங்க ஓடிடப்போகுது?" பிறகு இலையைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். "பாய், சட்டுனு கையைக் கழுவிட்டு வாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் கையை நிறுத்தி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி வாயைத் திறந்தார். மாடியில் தட்டுகள் இருந்தன. சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். அவருடைய அக்காவுக்குப் போன் போய்விட்டது. அவர் காரை ஒருவன் சூப்பர் என்று சொல்லியிருந்தான். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார்.

வஹீத் இலையை மூடப் போனார்.

"பாய், உக்காருங்க," என்றாள் ப்ரியா.

"பரவால்ல பாப்பா. போய்ட்டு வந்துர்றேன், தோ கீது நந்தனம்."

"உக்காருங்க பாய். ரசம் வரல இன்னும்."

கிருஷ் போனைக் காதிலிருந்து எடுத்தான். "ப்ரியா, அவன் வெயில்ல நிக்கிறான்."

"நிக்கிறது மெட்ரோ வாசல்ல. எதிர்லயே ஆட்டோ இருக்கு."

"டிரைவர் சும்மா இருக்கும்போது அவன் எதுக்கு ஆட்டோவுக்கு அலையணும்?"

"அவர் சும்மா இல்ல. சாப்பிடுறார்."

"இவ்ளோ சின்ன விஷயத்துக்கு சீன் போடாத. சரி விடு, உன் ஆப்ல போடு."

"என் ஆப்லயும் இனிமே யாரும் வர மாட்டாங்க. அஞ்சு மாசத்துல அதையும் முடிச்சு வச்சுட்டீங்க."

கடை ஆட்களில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். கிருஷின் முகம் சிவந்தது. "எல்லார் முன்னாடியும் என்ன பேச்சு இது? ஒரு டிரைவருக்காகவா?"

ப்ரியா பாயசத் தூக்கைக் கீழே வைத்தாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். "தட்டு மாத்த வேண்டாம்ப்பா."

"ஏட்டி," என்றார் அண்ணாச்சி.

"கார் இல்லைன்னு உங்க அப்பா என்னை மதிக்கல," என்றான் கிருஷ். "நீ புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கார் வேண்டாம்கிறவர்னு நினைச்சேன். எல்லார் காரும் உங்களுதுன்னு நினைக்கிறவர்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அதற்குப் பிறகு மாடியில் நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெரியப்பா குரலை உயர்த்தினார். படித்த பெண்களைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். கிருஷின் அம்மா அழுதாள். அண்ணாச்சி ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கெஞ்சவும் இல்லை, மகளைத் திட்டவும் இல்லை. அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வாசலில் கொஞ்சம் தாமதித்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் தெருவில் இறங்கினார்கள்.

இறங்கினார்களே தவிர, போக முடியவில்லை. தெருமுனை வெயிலில் கிருஷ் போனைத் தட்டிக்கொண்டு நின்றான். அது தேடியது. பெரியப்பா தன் போனைக் கொடுத்தார். அதில் ஆப் இல்லை. முனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் போய் ஏதோ கேட்டான். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, அது எத்தனை கிலோமீட்டர் தெரியுமா என்று அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மீனாட்சிக்கு மனசு கேட்கவில்லை. "என்னங்க, அந்த அம்மா முட்டி வலிக்காரி. வெயில்ல நிக்கா. பாய விட்டுக் கொண்டு விடச் சொல்லலாம்லா?"

அண்ணாச்சி மாடிக் கைப்பிடியில் கை வைத்துக் கீழே பார்த்தார். வஹீத் இலையில் இன்னும் உட்கார்ந்திருந்தார். யாரோ பாயசத்தை இலையில் ஊற்றினார்கள். அவர் அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டார்.

"கொண்டு விடட்டும்," என்றார் அண்ணாச்சி. "சாப்பிட்டு முடிக்கட்டும்."

வஹீத் பாயசத்தை முடித்து, மோர் சாதம் சாப்பிட்டு, இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தபோது தெருமுனையில் யாரும் இல்லை. ஆட்டோவையும் காணோம். யார் இறங்கி வந்தார்கள், ஆட்டோக்காரரா கிருஷா என்பது அந்த வீட்டுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள யாருக்கும் ஆவலும் இல்லை.

சாயங்காலம் அண்ணாச்சி உறையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். மூடுவதற்கு முன் பின் கதவைத் திறந்து பார்த்தார். சீட்டில் காலித் தண்ணீர் பாட்டிலும், கசக்கிய காகிதக் கைக்குட்டையும், மிட்டாய்த் தாள் இரண்டும் கிடந்தன. ப்ரியா படியில் நின்றிருந்தாள். அப்பா திட்டுவதானால் இப்போது திட்டட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"நம்ம வண்டிய டி போர்டுன்னு நெனச்சிருக்கான்," என்றார்.

"டி போர்டுலயும் யாராவது எடுத்துப் போடணும்லப்பா."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் காலையில் கட்டிய பட்டுச் சேலையை இன்னும் மாற்றவில்லை. "அதுவும் உள்ளதுதான்," என்றார். பிறகு உறையின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினார். "பிடி, அந்தப் பக்கம் இழு. உங்க அத்தைக்கு என்ன பதில் சொல்லன்னு யோசிக்கணும்."